இராமாநுஜன் கிடந்த நோய்ப்படுக்கை

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையிலே கணித விழா ஒன்று நிகழ்ந்தது. தமிழ் கற்பிக்கும் என்னை அதிற் பேச அழைத்தமைக்குக் காரணம் அதிபருக்கே வெளிச்சம். ஆயினும் பேச அழைத்த இடத்திற்குப் போகாதிருத்தல் பண்டிதர்களின் இயல்பன்று, யானும் போனேன். மாணவரை மகிழ்விக்கும் பொருட்டு, கணித மேதை சீநிவாச இராமாநுஜனைப் பற்றி எல்லாரும் அறிந்த அந்த 1729 என்னும் எண்ணின் கதையைச் சொன்னேன். அவரைக் காண வந்த பேராசிரியர் ஹாடி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்றும் அது சுவையற்ற எண் என்றும் கூற, இராமாநுஜன் அக்கணமே அதனை மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனத்தைக் கூட்டினாலும் 1729. ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனத்தைக் கூட்டினாலும் 1729. பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

கூட்டம் கலைந்தபின் எங்கள் கணித ஆசிரியை என்னிடம் வந்தார். என் மகளையொத்த வயதினர். என்னைப் பண்டிதர் ஐயா என்பார். யான் அவரைப் பிள்ளை என்றே அழைப்பது வழக்கம். ஹாடி வந்திறங்கிய இடம் எது, அங்கே இராமாநுஜன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவர் வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அது இலண்டனிற் பற்னி என்னும் பகுதியில் இருந்த நோயாளர் விடுதி. இராமாநுஜன் அங்கே நோய்வாய்ப்பட்டுக் கிடந்தார். இத்துணைக் காலமும் அதனை வியப்புக் கதையாகச் சொல்லிவருகின்றோமேயன்றி, அவர் ஏன் படுத்திருந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு, சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அவர் சுவரைப் பற்றியதற்குக் காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளாக அவருக்குச் சுகமில்லை. விடியற்காலையில் விரல் மூட்டுகள் மடங்கா. வெண்கட்டியைப் பிடிக்க இயலாத நாட்களும் உண்டு. வெயில் பட்டாற் கன்னங்கள் சிவந்து தடிக்கும். வாய்ப்புண் வரும், போகும். காய்ச்சல் வரும், போகும். களைப்பு மாத்திரம் போவதேயில்லை. ஒரு வைத்தியர் மூட்டுவாதம் என்றார். வேறொருவர் இரத்தக் குறைவு என்றார். மூன்றாமவர் நோயொன்றுமில்லை, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய்கள் பல உண்டென்றும், ஒன்றன் குறி மற்றொன்றிலும் தோன்றுதலால் இன்ன நோயென்று துணிய ஆண்டுகள் பல செல்லக்கூடுமென்றும் இக்கால மருத்துவர் கூறுவர். ஊராருக்கு அத்துணைப் பொறுமை இல்லை. பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறாள் என்பது அவர்களுடைய தீர்ப்பு. ஊரார்மேற் பழி போடுவானேன்? யானே ஒருநாள் ஆசிரியர் அறையிற் பலர் கேட்க, பிள்ளை அடிக்கடி லீவு எடுக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் தவணை விடுமுறை முழுவதும் இராமாநுஜன் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். அவருடைய கணிதம் எனக்கு விளங்காது. நோயின் வரலாறு விளங்கியது.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிலே பிறந்து, கும்பகோணத்திற் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர் இராமாநுஜன். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடுபவர். இரண்டு வயதில் வைசூரி கண்டு பிழைத்தார். பள்ளியிலே பரிசுகள் பல பெற்ற அவர், கணிதமொன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1905இல் ஒருவருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் வயிற்றுக்கடுப்பினால் ஊர் திரும்ப நேர்ந்தது. இந்த வயிற்றுக்கடுப்பை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் அதற்கு வேலையுண்டு.

1909இல் ஜானகி என்னும் சிறுமியை மணந்தார். அதனையடுத்து விரைவீக்கம் வருத்த, சத்திரசிகிச்சைக்குக் குடும்பத்திற் பணமில்லை. 1910 ஜனவரியில் மருத்துவர் ஒருவர் ஊதியம் பெறாது அதனைச் செய்தார். அக்காலத்தில் மீண்டும் நோயுற்று, இராதாகிருஷ்ண ஐயர் என்னும் நண்பரின் பராமரிப்பில் இருந்தார். ஊருக்கு அனுப்பப்பட்டபோது, தாம் இறந்துபோனால் தம் கணிதக் குறிப்பேடுகளைப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் றொஸ் அவர்களிடமோ ஒப்படைக்கவேண்டும் என்று அந்நண்பரிடம் கையளித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு அளவே. அவ்வயதில் உயில்போல ஒன்றைச் செய்யும் இளைஞனை நோயறியாதவன் என்று சொல்லுதல் எங்ஙனம்?

அடுத்த நான்காண்டுகளின் கதை பலரும் அறிந்ததே. நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திரராவ் உதவினார்; 1912இற் சென்னைத் துறைமுகத்திலே முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது; 1913 ஜனவரியில் ஹாடிக்குக் கடிதம் எழுதினார்; 1914 மார்ச் 17ஆம் நாள் கப்பலேறினார்.

கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிலே அவர் அடைந்த புகழைக் கணிதம் அறிந்தோர் எழுதட்டும். யான் எழுத விரும்புவது ஒரு போர்வையைப் பற்றி. பிற்காலத்திற் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அப்பொழுது கேம்பிறிட்ஜில் மாணவர். இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாக இராமாநுஜன் சொல்லவே, மகலனோபிஸ் அறைக்குட் சென்று பார்த்தார். கட்டிலிற் கம்பளிகள் இருந்தன. ஆனால் அவை மெத்தையின்கீழ் மடித்துச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்கவேண்டும் என்று இராமாநுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. மேலங்கியைப் போர்த்துக்கொண்டு விரிப்பின்மேற் படுத்துக் குளிரில் வாடியிருக்கிறார். எண்களின் இயல்பையெல்லாம் உணர்ந்த பேரறிஞர், கட்டில் விரிக்கும் முறையைக் கேட்க நாணியிருந்தார்.

போர் மூண்டது. மரக்கறி உணவினரான அவருக்கு வேண்டிய பண்டங்கள் அரியவாயின. தாமே சமைத்தார், சில நாளைக்கு ஒருமுறை சமைத்தார், வேலையில் மூழ்கினால் உண்ணவும் மறந்தார். ஊரிலிருந்து மனைவியின் கடிதம் வருவதில்லை. ஜானகி எழுதாமலில்லை, மாமியார் அவற்றை மறித்துவிட்டார். மாமியார் மருமகள் பூசல் கடல் கடந்து ஒரு நோயாளியை வருத்தியதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? மனம் எத்துணை மெலிந்திருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. நண்பரொருவரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை இரசம் வேண்டாம் என்று விருந்தினர் சொன்னதும் வெளியே சென்றவர் திரும்பவில்லை. சில நாள் கழித்து, ஒக்ஸ்போட்டில் இருப்பதாகச் செய்தி வந்தது. இதனைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1917ஆம் ஆண்டு இளவேனிலில் உடல் முற்றாகத் தளர்ந்தது. இரவிற் காய்ச்சல், வயிற்றுவலி, உடல் மெலிவு. முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பின்னர்க் காசநோய் என்றார்கள். இரத்தம் நஞ்சேறியது என்ற கருத்தும் எழுந்தது. முன்னர்ச் செய்த சத்திரசிகிச்சையோடு தொடர்புபடுத்தி, ஈரலிற் புற்றுநோய் பரவியிருக்கலாம் என்று ஒருவர் ஐயுற்றார். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வோர் இடம் மாற்றினார்கள். கேம்பிறிட்ஜில் நோயாளர் விடுதி, பின்னர் மென்டிப் குன்றுகளிலே சௌரிமுத்து என்னும் இந்திய மருத்துவர் நடத்திய காசநோய் நிலையம் (இவர் இராமாநுஜன் வந்த கப்பலிலேயே வந்தவர்), பின்னர் மற்லொக், பின்னர் இலண்டன், இறுதியிற் பற்னி.

காசநோய்க்குத் திறந்த காற்றே மருந்தென்று அக்காலத்தார் நம்பினர். ஆதலின் கணப்பு மூட்டாத அறையிற் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. கும்பகோணத்தில் வளர்ந்த உடம்பு அது. குளியலறை மாத்திரம் வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டு, நாளும் ஒரு மணி நேரம் தாளும் எழுதுகோலும் கொண்டு அங்கே போயிருந்து கணக்குச் செய்யப்போவதாக ஹாடிக்கு எழுதினார். நோயாளிக்கும் குளிருக்கும் நடந்த வழக்கில் அந்த ஒரு மணி நேரமே நோயாளிக்குக் கிடைத்த தீர்ப்பு.

உணவிலும் ஓயாத பிணக்கு. 1918 ஜூனில் மற்லொக்கிற்குச் சென்று அவரைக் கண்ட இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியியலாளர், அவர் படும் பாட்டை ஹாடிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். விடுதியாரோ இராமாநுஜனைப் பிடிவாதமான நோயாளி என்று கருதினார்கள். சொன்னபடி உண்ணார், சொன்னபடி கிடவார் என்பது குறை. மருந்து பயனளிக்காத இடத்திற் குற்றம் நோயாளியின் குணத்திற்குப் போய்விடுவது அக்காலத்திற்கு மாத்திரம் உரியதன்று.

இவற்றிடையே 1917இல் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலண்டன் சுரங்க இரயில் நிலையமொன்றிலே உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்தார். பணியாளர் ஒருவர் உடனே மின்விசையை நிறுத்தியமையால் உயிர் தப்பியது, கால்கள் காயமுற்றன. தற்கொலை முயற்சி இங்கிலாந்தில் 1961 வரை சட்டப்படி குற்றம். காவலர் அவரைப் பிடித்துக்கொண்டு போக, ஹாடி ஓடோடி வந்து, இவர் றோயல் சங்கத்து உறுப்பினர், இவரைச் சிறையிடலாகாது என்று வாதாடி மீட்டார். அப்பொழுது அப்பதவி அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. பொய்ம்மையும் வாய்மையிடத்த என்று வள்ளுவர் சொல்லியது இத்தகைய பொய்யைத்தான் போலும். அப்பொய்யும் நெடுங்காலம் பொய்யாக நிற்கவில்லை. 1918 மே மாதம் 2ஆம் நாள் றோயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. அக்டோபரில் திரினிற்றியும் தன் கதவைத் திறந்தது.

இந்நிகழ்ச்சி பல்லாண்டு மறைவாகவே இருந்து, வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் வாயிலாக வெளிவந்தது. இதனைக் கூறுதல் மேதையின் பெருமைக்கு இழுக்கு என்பாரும் உளர். யான் அவ்வாறு நினைக்கவில்லை. ஓராண்டுக் காய்ச்சல், தனிமை, பசி, வலி, பெயர் தெரியாத நோய், வராத கடிதங்கள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து ஒரு மனிதனை அழுத்தும்போது மனம் சோர்வது அவனுடைய குணத்தின் குறையன்று. காய்ச்சலைப் போல அதுவும் நோயின் ஒரு கூறே. மேதைமைக்குக் கொடுக்கும் கூலி துன்பம் என்று பேசுவோரிடத்தும் எனக்கு உடன்பாடில்லை. நோய் அவரைக் கணிக்கச் செய்யவில்லை. நோய் விட்டுவைத்த நாழிகைகளில் அவர் கணித்தார்.

தமிழ் படித்தவர்களுக்கு நோயென்றதும் திருநாவுக்கரசர் நினைவு வருதல் இயல்பு. சூலைநோய் வயிற்றைக் குடைய, தமக்கையார் திலகவதியாரிடம் ஓடிவந்து, திருவதிகையிலே நீறணிந்து பாட, நோய் நீங்கியது என்று புராணம் கூறும். நோய் வந்தது, அழுதோம், நீங்கியது, பாட்டுப் பிறந்தது என்று வரலாறு முடிந்துவிட்டால் நமக்கு மனநிறைவு. அந்த வடிவத்தையே எல்லா நோயாளரிடமும் எதிர்பார்க்கின்றோம். இராமாநுஜனுக்குத் திருவதிகை வாய்க்கவில்லை. நோய் நீங்கவுமில்லை, அதன் பெயர் தெரியவுமில்லை. ஆனால் ஒரு திலகவதியார் இருந்தார். அவரைக் காண ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

1919 பெப்ரவரி 27ஆம் நாள் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, ஒரு மாதத்திற் பம்பாய் வந்திறங்கினார். காவிரிக் கரையிலே கொடுமுடியிற் சில மாதம், பின்னர்க் கும்பகோணம், 1920 தொடக்கத்தில் மீண்டும் சென்னை. ஜானகி அம்மையாருக்கு அப்பொழுது இருபது வயது. நேரத்திற்குப் பாலும் உணவும் கொடுப்பதும், வலிக்கும் இடங்களுக்கு வெந்நீர் ஒத்தடம் இடுவதும், கேட்டபோதெல்லாம் தாள் எடுத்துக் கொடுப்பதும், எழுதி முடித்த தாள்களைப் பெட்டியில் அடுக்குவதும் அவர் பணிகள். இவள் உடன் இருந்திருந்தால் நோயே வந்திராது என்று இராமாநுஜன் கருதியதாகக் கூறுவர். சினம் மிகுந்து சில வேளை தட்டுகளைத் தள்ளியும் இருக்கலாம். பழைய இராமாநுஜன் அல்லர் என்று நண்பர்கள் வருந்தினார்கள். வலி எப்பொழுதும் அடக்கமாக இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டா.

1920 ஜனவரி 12ஆம் நாள் ஹாடிக்கு இறுதிக் கடிதம் எழுதினார். அதிற் புதுவகைச் சார்புகள் பதினேழு இருந்தன. தீற்றாச் சார்புகளைப் போலத் தோன்றினும் அவையல்லாத போலித் தீற்றாச் சார்புகள் அவை. எண்பது ஆண்டுக்குப் பின்னரே, 2002இல், சுவெகர்ஸ் என்னும் இளைஞர் அவற்றின் உள்ளியல்பை விளக்கினார் என்பர். எனக்கு வியப்புத் தருவது அக்கடிதம் எழுதப்பட்ட நிலை. எலும்பும் தோலுமாகச் சாய்ந்திருந்தே எழுதினார். ஏப்பிரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டிலே காலமானார். வயது முப்பத்திரண்டு. பெட்டியிலிருந்த தாள்கள் பின்னர்க் கடல் கடந்து, கைமாறி, திரினிற்றி நூலகத்திற் கிடந்து, 1976இலே அமெரிக்கக் கணிதர் அன்றூஸ் கண்ணிற் பட்டன. அம்மையார் இருபது ரூபாய் ஓய்வூதியத்தோடு, தையல் பழகித் தைத்துப் பிழைத்து, 1994 வரை திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார்.

அதே 1994இல், யங் என்னும் ஆங்கில மருத்துவர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து, அது காசநோயன்று என்றார். இளமையில் வந்த வயிற்றுக்கடுப்பின் அமீபா கிருமிகள் உடலிலே தங்கி, ஆண்டுகள் கழித்து ஈரலைத் தாக்கியிருக்கவேண்டும் என்பது அவர் துணிபு. அந்நோய்க்கு அக்காலத்திலேயே சிகிச்சை இருந்தது. ஆயினும் உடம்பைத் தொட்டுப் பாராது எழுபது ஆண்டுக்குப்பின் கூறிய இதுவும் ஊகமே. பெயர்ப் பட்டியலில் மேலும் ஒரு பெயர்.

எங்கள் விபுலாநந்த அடிகளும் நினைவுக்கு வருகின்றார். 1947 ஜூனில் யாழ்நூல் அரங்கேறியது. ஜூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். கல்லடியிலே அவர் சமாதியைக் கடக்கும்போதெல்லாம் யாழ்நூலை நினைத்ததுண்டு. அதனை முடித்த உடம்பை நினைத்ததில்லை. இப்பொழுது நினைக்கின்றேன்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று, கணித ஆசிரியையிடம் போய், ஆசிரியர் அறையில் அன்று சொன்ன சொல்லுக்கு வருந்துகிறேன் பிள்ளை என்றேன். அதே அறையில், அன்று கேட்ட பலரும் கேட்கவே சொன்னேன். அவர் சிறிது நேரம் வாவிப் பக்கம் பார்த்திருந்துவிட்டு, வாரத்தில் மூன்று பாடங்கள் மேல்மாடியில் இருக்கின்றன, அவற்றைக் கீழே மாற்ற அதிபரிடம் சொல்ல முடியுமா, பண்டிதர் ஐயா சொன்னால் கேட்பார் என்றார். நான்கு ஆண்டுகளாக அவர் இதனை ஒருவரிடமும் கேட்கவில்லை. கம்பளியின் நினைவு வந்தது எனக்கு. அதிபர் அவ்வாரமே மாற்றிக் கொடுத்தார். கரும்பலகையின் அருகே உயரமான கதிரை ஒன்றும் போடப்பட்டது. நோய்க்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை, பரிசோதனைகள் நடக்கின்றன.

இவ்வாண்டு விழாவிலும் என்னையே பேச அழைத்தார்கள். இம்முறை கதையைப் பற்னி விடுதியின் கட்டிலிலிருந்து தொடங்கினேன். 1729 வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் முன்போல ஆரவாரமில்லை. பின்வரிசையிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, அவருக்கு என்ன நோய் ஐயா என்று கேட்டான். யான் கணித ஆசிரியையைப் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்தபடியே அவனுக்கு விடை சொல்லத் தொடங்கினார்.